தலைவர்: அப்படி ஒன்றும் இல்லை

மைய நிரல் வாரியத்தில் அவளுடைய பதவிக்கு இளநிலை ஒட்டுநர் என்று பெயர். கெர்னலில் எங்காவது ஓட்டை விழுந்தால் அதற்கு ஒட்டுப் போடுவது வேலை. சம்பளப் பிரிவில் இதை 'ஓட்டுநர்' என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். அதனால் சேர்ந்த முதல் மூன்று மாதமும் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. எழுதிப் பார்த்தாள், நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமத்தை வாங்கிக் கொடுத்துவிட்டாள். பிழையைத் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடிந்தது.

கெர்னல் என்பது கணினிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல், எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிற நிரல். வாரியத்தில் அந்த மாதிரி வேறு யாரும் கிடையாது. அவளுடைய மாமியார் அதைக் கர்னல் என்றே புரிந்துகொண்டிருந்தார். "மருமக பெரிய ராணுவ அதிகாரிகிட்ட வேலை பாக்கறா, அதான் ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு வாயைத் திறக்கமாட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். ஆபீஸில் எதுவும் நடக்காததால்தான் மருமகள் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொன்னால் ராணுவத்தின் மானம் போகுமே என்று அவளும் விட்டுவிட்டாள்.

வாரியத்தின் கெர்னல் ஊரிலுள்ள சிக்னல் விளக்குகளிலும், தண்ணீர் மோட்டார்களிலும், ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும் அதை ஒன்றாகக் கட்டித் தருவதற்கு ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் உண்டு. இரண்டு பக்கம்தான் இருக்கும். வாரியத்தை நிறுவிய மூத்த தலைவர் முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தன் கையால் எழுதியது. தட்டிவிட்டால் பதினான்கு நிமிஷத்தில் கெர்னல் தயார். அதன்பிறகு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஓடுவதைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது வாரியத்தின் எழுதப்படாத விதி. ஓடாததைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி.

இந்த நாற்பதாயிரம் கோப்புகளும் இருந்த ஃபோல்டருக்கு 'மூலம்' என்று பெயர். மூலநிரல் இருக்கும் இடம் என்பதால் யாரோ அந்தக் காலத்தில் வைத்தது. போன மாதம் ஒரு டாக்டர் வாரியத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். இயக்குநர் அவரைத் திரை முன்னால் நிறுத்தி, "இதுதான் சார் எங்க மூலம்" என்று பெருமையாகக் காட்டினார். டாக்டர் பழக்க தோஷத்தில், "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பெயர்மாற்றக் குழு அமைக்கப்பட்டுவிட்டது.

குழு ஏழு முறை கூடி, ஃபோல்டருக்கு 'மூத்த தலைவர்' என்றே பெயர் வைப்பதென்று முடிவு செய்தது. திங்கட்கிழமை விழா. கணினித் திரைக்குக் குறுக்கே ஒரு குட்டிப் பட்டுத்திரை தொங்கியது; இயக்குநர் கயிற்றை இழுத்தார்; பட்டுத்திரை பாதியில் சிக்கிக்கொண்டு, ஒருவர் நாற்காலிமேல் ஏறி விலக்கிவிட்டார். மேசைக்குக் கீழே கருங்கல்லில் வெட்டிய கல்வெட்டும் பதிக்கப்பட்டது.

"எந்த நிறுவனமும் தன்னை உருவாக்கினவரை மறக்கக் கூடாது" என்று இயக்குநர் பேசினார். "நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷத்துல மூத்த தலைவருக்கு நான் ஒரு தடவைகூட போன் பண்ணினதில்ல. ஆனா ஒரு தடவைகூட மறந்ததில்ல."

பலத்த கைதட்டல். மூத்த தலைவரை விழாவுக்கு அழைக்க விட்டுப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒட்டுநரிடம் ஓர் ஒட்டு தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கானது. லிஃப்ட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியின் கடிகாரம் சில சமயம், நேரம் பின்னால் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளும். உடனே மிரண்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு வரியில் அதைச் சரிசெய்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில்தான் அவளுடைய தங்கை நர்ஸ். மூன்று வாரமாகத் தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். "உங்க வாரியம் பண்ணின பெட்டிதானே அக்கா? ஒரு குச்சியை விட்டுக் குத்தியாவது சரி பண்ணக் கூடாதா?"

ஒட்டுநர் ஸ்கிரிப்டைத் தட்டினாள். இரண்டு விநாடியில் நின்றுவிட்டது. திரையில் மூன்று வரி:

மூத்த: அப்படி ஒன்றும் இல்லை
தலைவர்: அப்படி ஒன்றும் இல்லை
வேலை நிறுத்தப்பட்டது

என்ன ஆயிற்று என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்கிரிப்ட் ஃபோல்டரின் பெயரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். 'மூத்த' என்று ஒரு ஃபோல்டரையும் 'தலைவர்' என்று இன்னொரு ஃபோல்டரையும் தேடிப் பார்த்தது. இரண்டும் இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிட்டது. முப்பத்தேழாவது வரியில், பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுவிட்டால் தீர்ந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆனால் ஸ்கிரிப்டில் கைவைக்க மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும்.

மேற்பார்வையாளர் சாதுவான மனிதர். அவருடைய மேசையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்றில் 'பார்த்தேன்', இன்னொன்றில் 'பார்க்கவில்லை'. இரண்டாவது தேய்ந்து, போன வருஷம்தான் புதிதாகச் செய்திருந்தார்கள்.

"சார், பில்ட் நின்னுபோச்சு."

"எப்படி நிக்கும்? நேத்துதானே விழா நடந்துச்சு."

"அதனாலதான் சார்." தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மறுபடி படித்தார்.

"இதை வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"மெஷினே சொல்லிச்சா, இல்ல யாராச்சும் சொல்லிக்குடுத்துச் சொல்லுதா?"

"மெஷின்தான் சார். நடுவுல இருக்கற இடைவெளி அதுக்குப் புரியல. ரெண்டு பேர்னு நினைச்சுக்குது."

"ஏம்மா, அது இடைவெளி இல்ல, மரியாதை. மூத்தங்கற வார்த்தைக்கும் தலைவர்ங்கற வார்த்தைக்கும் நடுவுல கொஞ்சம் தள்ளி நிக்கறோம், அவ்வளவுதான்."

"அப்படித் தள்ளி நிக்கறதுதான் சார் அதுக்கு ஆகல."

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு இரண்டாவது முத்திரையை எடுத்தார். தாளின்மேல் ஓங்கி ஒன்று வைத்து, உறையில் போட்டு ஒட்டி, "நான் பாக்கல. இயக்குநர் பாக்கட்டும். இயக்குநர் பாக்கற வரைக்கும் நீயும் பாக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லிஃப்ட் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். படிக்கட்டில், வார்டு ஊழியர்கள் இருவர் ஓர் அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். திருப்பம் வரும்போதெல்லாம் நாற்காலி சாய, அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலேயே தங்கை, ஒரு கையில் மருந்துப் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி, "இன்னும் எட்டுப் படிதாம்மா, ஏழு, ஆறு" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். கீழே வந்ததும் அக்காவைப் பார்த்தாள்.

"நேத்து ஒருத்தர் நாப்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய எடுத்தப்போ அவரு எங்களைத் திட்டலக்கா, நன்றி சொன்னாரு. அதான் தாங்கல." உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "எப்ப சரியாகும்?"

"ஒட்டு ரெடி."

"அப்புறம் என்ன?"

"ஒரு ஃபோல்டர் பேருக்கு நடுவுல இடைவெளி இருக்கு."

தங்கை அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

வியாழக்கிழமை இயக்குநர் அறையில் கூட்டம். உறை பிரிக்கப்பட்டது. இயக்குநர் மூன்று வரியையும் மனத்துக்குள் படித்தார். அவர் முகம் சிவந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தார். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். இலக்கண ஆலோசகர் மட்டும் ஆர்வமாக எட்டிப் பார்த்தார். வாரியத்துக்கு இலக்கண ஆலோசகர் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பதவி இருந்தது, அதில் அவர் இருந்தார்.

"சொல்லும்மா, வழி என்ன?" என்றார் இயக்குநர்.

"லேசான வழி நிறைய இருக்கு சார். நடுவுல இடைவெளி இல்லாம ரெண்டையும் சேத்து எழுதிடலாம். மூத்ததலைவர்னு."

இலக்கண ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "சேர்த்து எழுதினால் படிக்கிறவன் எங்கே பிரிப்பான் என்று நமக்குத் தெரியாது. மூத்தது, அலைவர் என்று பிரித்துவிட்டால்? வயதாகிவிட்டது, இனி அலைவார் என்று ஆகிவிடும். மதிப்புக்குரியவரைப் பற்றி நாம் அப்படிச் சொல்லலாமா?"

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சோம். அடுத்தது?"

"நடுவுல ஒரு கீழ்க்கோடு போடலாம் சார். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"மரியாதைக்கும் மனுஷனுக்கும் நடுவுல கோடு கிழிக்கறதா? இதுக்கு மேல வராதேன்னு சொல்ற மாதிரி இருக்கே."

"அப்ப ஒரு சாய்கோடு..."

"தலைவரைச் சாய்க்கணும்கறியா?"

ஒட்டுநர் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்த சரியான வழியைச் சொன்னாள். "பேரை மாத்தவே வேண்டாம் சார். ஸ்கிரிப்டுல, பேருக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டா போதும்."

இந்த முறை இலக்கண ஆலோசகர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "மேற்கோள் குறியா? ஒருவரை மேற்கோள் குறிக்குள் 'மூத்த தலைவர்' என்று எழுதினால் என்ன பொருள் தெரியுமா அம்மா? மூத்த தலைவர் என்று சொல்லிக்கொள்கிறவர் என்று பொருள். பத்திரிகைக்காரர்கள் நையாண்டி செய்யும்போது போடுவது அது!"

"மெஷினுக்கு நையாண்டி எல்லாம் தெரியாது சார்."

"மெஷினுக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுதே" என்றார் இயக்குநர். "இதோ பாரும்மா. லிஃப்ட் ஓடலன்னா ஜனங்க படியேறிப் போவாங்க. உடம்புக்கு நல்லது. மரியாதை ஓடலன்னா இந்த வாரியத்துல வேற என்ன இருக்கு? நீயே சொல்லு."

அவள் யோசித்துப் பார்த்தாள். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கூட்டம் இரண்டு தீர்மானங்களோடு முடிந்தது. ஒன்று, பிழைச் செய்தி வாரியத்தின் மாண்புக்கு ஒவ்வாததாக இருப்பதால் அதை மாற்றுவது. இரண்டு, மாற்றியபின் பில்ட் வெற்றி பெற்றதாக அறிவிப்பது. அவளே உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்டைத் தட்டியபோது அது முன்போலவே இரண்டு விநாடியில் நின்றது. ஆனால் திரையில் 'மூத்த தலைவர் என்றென்றும் இருக்கிறார். வேலை இனிதே நிறைவுற்றது' என்று வந்தது. பதினான்கு நிமிஷ வேலை இரண்டு விநாடியில் முடிந்ததை, வேகம் நானூற்று இருபது மடங்கு கூடியதாக மேற்பார்வையாளர் அறிக்கை எழுதினார். இதற்குமட்டும் முதல் முத்திரையை வைத்தார்.

திங்கட்கிழமை இயக்குநர், அந்த பில்டில் வந்த 'திருத்தம்-7' என்ற கோப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒப்புதல் பெற்ற கோப்புகள் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும். திருத்தம்-7 போய்ச்சேர்ந்தது. லிஃப்ட் பெட்டி அதைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, பழையபடி மிரண்டு நின்றது.

"சார், அந்தக் கோப்பு காலி" என்று ஒட்டுநர் இயக்குநரிடம் சொன்னாள்.

"போய்ச்சேந்ததா இல்லையா?"

"சேந்துச்சு சார். உள்ளதான் ஒண்ணும் இல்ல."

"இத்தனை வருஷமா நாம எவ்வளவோ அனுப்பியிருக்கோம். உள்ள என்ன இருக்குன்னு யாராவது நம்மளக் கேட்டிருக்காங்களா? புதுசா ஒரு பழக்கத்தை ஏம்மா ஆரம்பிக்கறே?"

அன்று அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்த அந்த அம்மாளின் முகம் வந்து வந்து போயிற்று. மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூத்த தலைவரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கத்தில் இருந்தது வீடு. கதவைத் திறந்தவர் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் ஒரு சுவர்க்கடிகாரம் உள்ளும் புறமுமாகப் பிரிந்து கிடந்தது.

"மூத்த தலைவர்..." என்று அவள் இழுத்தாள்.

"அது யாரு?" என்றார் அவர்.

அவள் விவரத்தைச் சொன்னாள். விழா, கல்வெட்டு, இடைவெளி எல்லாவற்றையும். அவருடைய மனைவி அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டார். "இவர் பேர்ல ஃபோல்டரா? இந்த வீட்டுல கேஸ் சிலிண்டர்கூட என் பேர்லதான் வருது."

"அந்த முப்பத்தேழாவது வரியைக் காட்டும்மா" என்றார் அவர். அச்செடுத்து வைத்திருந்ததை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "சுத்தி மேற்கோள் குறியே போடலையே! எந்த மடையன் எழுதினான் இதை?"

அவள் கடிகாரத்தின் பற்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, மனைவி வந்து முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. "அன்னிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும். போட்டது போதும்னு எழுந்து போயிருப்பேன். முப்பத்தொரு வருஷமா ஒருத்தரும் பாக்கலையா?"

"நீங்க எழுதினதுன்னு யாரும் தொடல சார்."

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எழுதினதுனாலயே தொட்டிருக்கணும்" என்றார். எழுந்து போய் ஒரு தாளை எடுத்து, நின்றுகொண்டே எழுதினார்: 'என் பெயரை உடனே எடுத்துவிடுங்கள். மேற்கோள் குறி போடாதது என் தவறு. லிஃப்ட்டைச் சரிசெய்யுங்கள்.' கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவளுக்கு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதை இயக்குநரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மையிலேயே ஒற்றிக்கொண்டார். "பாத்தியாம்மா, என்ன மனுஷன்! தன் பேரையே வேண்டாங்கறார். வேற யாருக்கு வரும் இந்தத் தன்னடக்கம்?" என்றார். "இப்பேர்ப்பட்டவருக்கு வெறும் மூத்த தலைவர்னு வெச்சது நம்ம தப்பு. பெயர்மாற்றக் குழுவைக் கூப்பிடுங்க."

"சார், அவர் லிஃப்ட்டைப் பத்தியும்..."

"அதுவும் தன்னடக்கம்தான்."

வெள்ளிக்கிழமை இரண்டாவது விழா என்று முடிவாயிற்று. ஃபோல்டரின் புதிய பெயர் 'தன்னடக்கத்தின் சிகரம் மூத்த தலைவர் அவர்கள்'. நடுவில் நான்கு மரியாதைகள். கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தார்கள். சட்டம், முதல் வரியோடு நின்றுவிடுகிற அளவுக்குத்தான் கிடைத்தது. இந்த முறை மூத்த தலைவருக்கு அழைப்பு போயிற்று. வரமாட்டேன் என்று அவர் சொல்லியனுப்ப, அதையும் இயக்குநர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு வாரியம் முழுவதும் விழா மண்டபத்தில் இருந்தது. ஒட்டுநர் மட்டும் தன் நாற்காலியில். அவசரத்துக்கு யாராவது ஒருவர் பணியில் இருக்க வேண்டுமென்று விதி இருந்தது. அவசரத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விதி இல்லை. அறை அமைதியாக இருந்தது. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் இயக்குநர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது கேட்டது.

அவள் தன் கணினியில் ஒரு புது ஃபோல்டரைத் திறந்தாள். அதற்கு 'அ' என்று பெயர் வைத்தாள். நாற்பதாயிரம் கோப்புகளையும் அதற்குள் நகல் எடுத்தாள். ஸ்கிரிப்டின் நகலில், முப்பத்தேழாவது வரியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு குறிகளைப் போட்டாள். தட்டினாள்.

இரண்டு விநாடி ஆயிற்று. நிற்கவில்லை. கோப்புகளின் பெயர்கள் திரையில் மேலேறத் தொடங்கின.

"பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு" என்றது ஒலிபெருக்கி. "நம்ம வாரியத்துல பேர்லதான் எல்லாமே இருக்குன்னு நான் அவங்களுக்குச் சொல்லிக்கறேன்."

ஒன்பதாயிரம் கோப்புகள் முடிந்தன. அவள் நகத்தைக் கடித்தாள்.

"நான் வந்தப்போ இந்த வாரியத்துல ஒரு குழு இருந்துச்சு. இன்னிக்கு இருபத்தாறு குழு இருக்கு. இருபத்தேழாவது குழு, இந்த இருபத்தாறும் என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கப் போகுது."

கைதட்டல். இருபத்திரண்டாயிரம். நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டு அவள் திரையைக் கையால் மறைத்தாள். மேற்பார்வையாளர்! மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டவர், அவளுடைய தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். முதல் விழாவுக்குப் பிறகு அந்த அறையில் யாரும் பார்த்திராத காட்சி அது. ஒரு பில்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்ளப் போனவர், போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் பாக்கல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பதினான்காவது நிமிஷம் கெர்னல் கைக்கு வந்தது. மேசையில் சோதனைக்கென்று வைத்திருந்த லிஃப்ட் பெட்டியில் அதை ஏற்றினாள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், முன்னால் தள்ளினாள். பெட்டி மிரளவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. மணி பதினொன்று ஐம்பத்தாறு. திருத்தம்-7 என்ற அந்தக் காலிக் கோப்பு, அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வரிசையில் நின்றிருந்தது. ஒப்புதல் அந்தப் பெயருக்குத்தான். உள்ளே இருப்பதற்கு அல்ல. அவள் காலியை எடுத்துவிட்டு, அதே பெயரில் கெர்னலை வைத்தாள். பன்னிரண்டு அடித்ததும் கோப்பு போயிற்று. ஒலிபெருக்கியில் யாரோ நன்றியுரையைத் தொடங்கினார்கள்.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய செய்தி வாரியத்துக்கு வந்துசேர ஐந்து நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. வாரியத்துக்குப் பாராட்டு வருவது முதல்முறை என்பதால் அதைப் புகார்ப் பிரிவில் பதிவு செய்துகொண்டார்கள். விசாரணைக் கூட்டம் கூடியது. ஒட்டுநரை எதிரில் உட்காரவைத்தார்கள்.

"லிஃப்ட் ஓடுதாமே" என்றார் இயக்குநர். "யாரைக் கேட்டு ஓடுது?"

அவள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். வேலை போனால் போகட்டும். கார் ஓட்டத் தெரியும். "சார், நான்தான்..." என்று தொடங்கினாள்.

மேற்பார்வையாளர் இருமினார். அந்த அறையில் அவர் அவ்வளவு சத்தமாக எதையும் செய்து யாரும் கேட்டதில்லை. "சார், ஆஸ்பத்திரிக்குப் போனது திருத்தம்-7. அதுல உங்க கையெழுத்து இருக்கு. நீங்க ஒப்புதல் குடுத்த கோப்பு வேலை செஞ்சிருக்கு. இல்ல, அது உள்ள ஒண்ணும் இல்லாத கோப்புன்னு நாமே விசாரணையில எழுதணும்னா, எழுதிடலாம் சார்."

இயக்குநர் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். கண்டுகொண்டார்.

"அப்ப நான்தான் சரி பண்ணியிருக்கேன்" என்றார் ஆச்சரியத்தோடு.

"ஆமா சார்."

"அதானே. இந்தம்மா என்ன பண்ணினாங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

இலக்கண ஆலோசகர் வாசகத்தைத் திருத்தமாக எழுதித் தந்தார்: 'லிஃப்ட் தொடர்பாக நான் எதுவும் செய்யவில்லை என உறுதியளிக்கிறேன்.' அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாள் கோப்பில் சேர்ந்த ஒரு வாரத்தில் பதவி உயர்வு ஆணை வந்தது. வாரியத்தில் எல்லோரும் எதுவும் செய்யாமல்தான் இருந்தார்கள்; ஆனால் அதை எழுத்தில் நிரூபித்த முதல் ஊழியர் அவள்தான். முதுநிலை ஒட்டுநர். தனி அறை, தனி மின்விசிறி, இரண்டு ரப்பர் முத்திரைகள். 'அ' ஃபோல்டர் அவளோடு புது அறைக்குப் போயிற்று. அதன்பிறகு வந்த ஒட்டுகள் எல்லாம் எப்படியோ காலாகாலத்தில் போய்ச்சேர்ந்தன. இயக்குநர் தன் கையெழுத்துக்கு இப்படி ஒரு சக்தி இருப்பதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆணை வந்த அன்று மத்தியானம் தங்கை போன் பண்ணினாள். பின்னால் லிஃப்ட் கதவு திறக்கும் மணியோசையும், யாரோ 'மூணாவது மாடி' என்பதும் கேட்டன.

"அக்கா, அந்த இடுப்பு ஆபரேஷன் அம்மா இன்னிக்கு லிஃப்ட்டுல கீழ வந்து வீட்டுக்குப் போனாங்க. போறப்போ, இதைச் சரி பண்ணினது யாருன்னு கேட்டுட்டே இருந்தாங்க. வார்டுலயும் எல்லாரும் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"யாரும் பண்ணலன்னு சொல்லு" என்றாள் அக்கா. "கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கு."

தங்கை சொன்னாள்: "சரி. அந்த யாரும் பண்ணாதவங்களை ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. நான் சமைக்கறேன்."